நார்வே ஃபியோர்டு மலைகளில் சாலை சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்வேயின் மேற்குக் கரையில், பேர்கன் நகரத்திலிருந்து வடக்கே ஆண்டால்ஸ்னெஸ் வரை விரியும் ஃபியோர்டு மலைப்பகுதியில் சாலை சைக்கிள் ஓட்ட நினைப்பவர்களுக்காக எழுதியது இது. வரைபடத்தை விரித்ததும் பலரும் கணவாய்களின் உயரத்தைப் பார்த்துத்தான் வழியை முடிவு செய்கிறார்கள். இந்தப் பகுதியில் முதலில் பார்க்க வேண்டியவை சுரங்கப்பாதைகளும் படகுத் துறைகளும். அதற்கான காரணங்கள் கீழே வருகின்றன.

ஃபியோர்டு என்பது என்ன? சைக்கிள் ஓட்டுபவர் அதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

பனியாறுகள் மலையைக் குடைந்து உண்டாக்கிய ஆழமான பள்ளத்தாக்கில் கடல்நீர் புகுந்தால் அது ஃபியோர்டு. மிக நீளமான சோக்னெஃபியோர்டு நாட்டுக்குள் 200 கி.மீ.க்கு மேல் நுழைந்திருக்கிறது. அதன் அதிகபட்ச ஆழம் 1,308 மீட்டர். கெய்ராங்கர், நேரோய் ஆகிய இரண்டு ஃபியோர்டுகளும் 2005 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள்.

ஓட்டுபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது. தண்ணீரை ஒட்டிய சாலை கிட்டத்தட்ட சமதளம். அதை விட்டு விலகினால் நேராகச் சுவர். வட ஐரோப்பாவின் மிக உயர்ந்த கணவாய்ச் சாலையான சோக்னெஃபியெல்லின் உச்சி 1,434 மீட்டர்தான். ஆல்ப்ஸ் மலையில் ஓட்டியவர்களுக்கு அது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் ஆல்ப்ஸில் பல ஏற்றங்கள் ஆயிரம் மீட்டர் உயரத்து ஊர்களில் தொடங்குகின்றன. இங்கே தொடக்கப் புள்ளி கடல் மட்டம். அந்த 1,434 மீட்டரையும் கால்தான் ஏற வேண்டும்.

சுரங்கப்பாதைகளை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள்?

நார்வேயில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாலைச் சுரங்கங்கள் உள்ளன. அவற்றில் பலவற்றில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அவுர்லாண்டையும் லேர்டாலையும் இணைக்கும் சுரங்கம் 24.5 கி.மீ. நீளம், 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அதுதான் உலகின் மிக நீளமான சாலைச் சுரங்கம். கூட்வாங்கனுக்கும் ஃப்ளாமுக்கும் இடையில் உள்ளது 11.4 கி.மீ. இரண்டிலும் சைக்கிள் போகக் கூடாது. கார்களுக்கான வழிகாட்டிச் செயலியை நம்பிப் புறப்பட்டவர் சுரங்க வாயில்வரை வந்து, சிவப்பு வட்டத்துக்குள் சைக்கிள் படத்தைப் பார்த்துத் திகைத்து நிற்க நேரும். அருகில் மாற்றுவழி இல்லாவிட்டால் அன்றைய திட்டம் அதோடு முடிந்தது.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. இந்த நிலத்தை நான் நேசிப்பதற்கு அதுவே காரணம். ஒவ்வொரு புதிய சுரங்கமும் ஒரு பழைய சாலையைக் கார்களிடமிருந்து விடுவித்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கையால் கல் அடுக்கிக் கட்டிய மலைச்சாலைகள் அப்படியே இருக்கின்றன. லாரிகள் மலைக்குள் போய்விட்டன. குதிரை வண்டிக்காகப் போட்ட சாலைகள் என்பதால் ஏற்றமும் பெரும்பாலும் தாங்கக்கூடிய அளவில்தான் இருக்கும். லேர்டால் சுரங்கத்தின் தலைக்கு மேலே போகும் ‘பனிச்சாலை’, ஸ்டிரின் மலையின் பழைய சாலை, மோபோ பள்ளத்தாக்கின் பழைய சாலை ஆகிய மூன்றுமே கார்கள் சுரங்கத்துக்குள் போனதால் நமக்குக் கிடைத்தவை.

ஆகவே வரைபடத்தில் சுரங்கத்தைக் கண்டால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். சைக்கிளுக்கு அனுமதி உண்டா? அதைச் சுற்றியோ அதன் மேலேயோ பழைய சாலை இருக்கிறதா? எந்தச் சுரங்கத்தில் சைக்கிள் போகலாம் என்று காட்டும் வரைபடம் இணையத்தில் கிடைக்கிறது. வழியைத் தீர்மானிக்கும் முன் அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி உள்ள சுரங்கத்துக்குள் எப்படி ஓட்டுவது?

வாயிலுக்கு முன்பே நின்றுவிடுங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். முன் விளக்கையும் பின் விளக்கையும் போடுங்கள். ஒளியைத் திருப்பி வீசும் மேலாடையை அணியுங்கள். சில சுரங்கங்களின் வாயிலில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால், உள்ளே சைக்கிள் இருக்கிறது என்று வண்டிகளை எச்சரிக்கும் விளக்கு எரியும்.

உள்ளே போனதும் குளிர்ந்த, ஈரமான காற்று முகத்தில் அடிக்கும். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். கண் பழகுவதற்குச் சில நொடிகள் ஆகும்; அதுவரை ஓரக்கோடு மட்டும்தான் துணை. சத்தம் பாறையில் மோதி எல்லாப் பக்கமிருந்தும் வருவதால், பின்னால் வருவது ஒரு காரா மூன்று லாரிகளா, எவ்வளவு தொலைவில் வருகின்றன என்று காதால் கணிக்க முடியாது. நேர்கோட்டில், ஒரே சீராக ஓட்டுங்கள். உள்ளே ஆடுகளும் இருக்கலாம். வெயில் நாட்களில் செம்மறியாடுகளும் வெள்ளாடுகளும் குளிர்ச்சிக்காகச் சுரங்கத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்கின்றன.

கடலுக்கு அடியில் போகும் சுரங்கங்கள் பலவற்றில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அனுமதி இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள்.

முதல்முறை போகிறேன். எந்த வழி சிறந்தது?

ஃப்ளாமில் தொடங்கி ஆண்டால்ஸ்னெசில் முடிக்கும் வழியைத்தான் சொல்வேன். இரண்டு ஊருக்கும் ரயில் உண்டு. சைக்கிள் ஓட்டும் தூரம் 400 கி.மீ.க்குள் அடங்கிவிடும். இந்த மலைகளின் மிகச் சிறந்த சாலைகள் பலவும் இதே வழியில் வரிசையாக அமைந்திருக்கின்றன.

ஓஸ்லோ–பேர்கன் ரயிலில் வந்து மிர்டால் நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து ஃப்ளாமுக்குக் கிளை ரயில் போகிறது. 20 கி.மீ. தூரத்தில் 860 மீட்டருக்கு மேல் இறங்கும் பாதை அது. கடல் மட்டத்துக்கு வந்து சேர்ந்ததும், பக்கத்து ஊரான அவுர்லாண்ட்ஸ்வாங்கனிலிருந்து பனிச்சாலை ஏறுகிறது. முதல் எட்டு கி.மீ. செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும். சுற்றுலா பஸ்கள் வேறு. அவை அத்தனையும் ஸ்டெகஸ்டைன் காட்சி மேடைக்குப் போகின்றன. ஃபியோர்டுக்கு மேலே 650 மீட்டர் உயரத்தில், மலைச்சரிவிலிருந்து 30 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரமேடை அது, 2006-இல் திறந்தார்கள். மேடையைத் தாண்டியதும் பஸ்கள் திரும்பிவிடும். அதன் பிறகு 1,306 மீட்டர் உச்சிவரை கல்லும் சிறு ஏரிகளும் கோடையிலும் கரையாத பனித்திட்டுகளும்தான். மறுபக்கம் லேர்டாலுக்கு நீண்ட இறக்கம். மொத்தம் 47 கி.மீ. கார்கள் இதைச் சுரங்கத்தில் இருபது நிமிடத்தில் கடக்கின்றன. உங்களுக்கு ஒரு நாள் பிடிக்கும். அந்த நாளைக் கொடுக்கத் தயங்காதீர்கள்.

லேர்டாலிலிருந்து சோக்ன்டாலுக்குப் போகும் சாலையில் நீண்ட சுரங்கம் குறுக்கிடுகிறது. அந்தத் துண்டை பஸ்ஸில் கடந்துவிடுங்கள். அதில் இழப்பு ஒன்றும் இல்லை.

அடுத்த பகுதி பலருக்கும் தெரியாதது. சோக்ன்டாலிலிருந்து ஷோல்டனுக்கு எல்லோரும் ஃபியோர்டின் மேற்குக் கரைச் சாலையில் போகிறார்கள். நீங்கள் சோல்வோர்ன் கிராமத்துக்கு இறங்கி, சிறு படகில் கிழக்குக் கரைக்குப் போய்விடுங்கள். கரையேறியதும் மேட்டில் ஊர்னெஸ் மரத் தேவாலயம். 1130 வாக்கில் கட்டியது. நார்வேயில் நிற்கும் மரத் தேவாலயங்களில் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. அதன் வடக்குச் சுவரில் ஒன்றையொன்று பின்னிக் கடிக்கும் விலங்குகளின் செதுக்கல் உள்ளது. அதன் முன் சற்று நேரம் நில்லுங்கள். அங்கிருந்து ஷோல்டன் வரை சுமார் 30 கி.மீ. நீளும் கரைச்சாலையில் கார்கள் மிகக் குறைவு. ஒரு வண்டி போகும் அகலம்தான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கைநீட்டும் தூரத்தில் தண்ணீர். வழியில் ஃபைகும் அருவி 218 மீட்டர் விழுகிறது. இந்த வழி முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த துண்டு எதுவென்றால், பெயர்பெற்ற கணவாய்களை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

ஷோல்டனில் ஏரிக்கு மேலே, பாறை விளிம்பில், தத்துவவாதி லுட்விக் விட்கென்ஸ்டைன் 1914-இல் கட்டிக்கொண்ட குடில் இருந்த இடம் இருக்கிறது. குடிலை மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். கால்கள் ஓய்வு கேட்டால் அங்கே ஏறிப் பாருங்கள். மறுநாள் சோக்னெஃபியெல். ஃபோர்ட்டுன் கிராமத்தைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கி, ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் டுர்டாக்ரோ விடுதி வரை விடாமல் ஏற்றம். அதற்கு மேல் மரங்கள் கிடையாது. பனியாறுகள் கண்முன் வரும். கடற்கரையிலிருந்து உப்பும் மீனும் உள்நாட்டுக்கும், அங்கிருந்து வெண்ணெயும் தோலும் கடற்கரைக்கும் போன பழைய வணிகத் தடம் இது. இன்றைய சாலையை 1930களின் பிற்பகுதியில் போட்டார்கள். வேலை இல்லாமல் இருந்த இளைஞர்கள் அதில் உழைத்தார்கள். உச்சியைக் கடந்து லோம் வரை 80 கி.மீ.க்கு மேல் வரும்.

லோமிலிருந்து பள்ளத்தாக்கு வழியாக க்ரோட்லி. அங்கிருந்து மலைமேட்டு ஏரிகளைக் கடந்து கெய்ராங்கர் இறக்கம். ஜூப்வாட்ன் ஏரிக்கரையில், ஆயிரம் மீட்டருக்கு மேலே தொடங்கி, 17 கி.மீ.யில் கடல் மட்டத்துக்கு வந்துவிடுவீர்கள். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடி இறங்காமல் வளைவுக்கு வளைவு பிடித்து விடுங்கள். நடுவில் இரண்டு முறை நின்று கைகளுக்கும் சக்கரத்துக்கும் ஓய்வு கொடுங்கள். அடுத்தது கழுகுச் சாலை: 1955-இல் திறந்தது, 11 வளைவுகள், 620 மீட்டர் உயரம். மறுபுறம் எய்ட்ஸ்டாலுக்கு இறங்கி, படகில் லிங்கெ, ஸ்ட்ராபெரிக்குப் பெயர்போன வால்டால், பிறகு ட்ரோல்ஸ்டிகன் கணவாய், கடைசியில் ஆண்டால்ஸ்னெஸ்.

இதற்கு எத்தனை நாள் வேண்டும்?

ஏழு அல்லது எட்டு நாள். ஐந்து நாளில் முடிப்பவர்களும் உண்டு. ஆனால் மழைக்கு ஒரு நாளாவது கையில் வைத்துக்கொள்ளாத திட்டம் இங்கே திட்டமே அல்ல. மேகம் மூடியிருக்கும்போது கணவாய் ஏறினால் உழைப்பு மட்டும் மிஞ்சும், காட்சி இருக்காது.

ட்ரோல்ஸ்டிகனை எந்தப் பக்கமிருந்து ஏறுவது நல்லது?

வடக்கிலிருந்து, அதாவது ஆண்டால்ஸ்னெஸ் பக்கமிருந்து. புகழ்பெற்ற 11 வளைவுகளும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. சரிவு ஏறக்குறைய பத்து சதவீதம். 320 மீட்டர் உயர ஸ்டிக்ஃபோசன் அருவியைக் கல்பாலத்தின் மேல் கடக்கும்போது சாரல் மேலே தெறிக்கும். மெதுவாக ஏறுபவர் கண்ணுக்கு இவை அத்தனையும் கிடைக்கும். இறங்குபவர் முன்னால் போகும் பஸ்ஸின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும். எட்டு ஆண்டு வேலைக்குப் பிறகு 1936-இல் மன்னர் ஏழாம் ஹாக்கோன் திறந்துவைத்த சாலை இது. இன்றைய பெரிய பஸ்களை நினைத்துப் போட்டதல்ல.

மேலே சொன்ன வழியில் வந்தால் தெற்கிலிருந்துதான் வந்து சேர்வீர்கள். அப்படியானால் ஆண்டால்ஸ்னெசில் ஒரு நாள் தங்கி, மறுநாள் அதிகாலையில் சுமை இல்லாமல் ஒருமுறை ஏறிவாருங்கள். அல்லது வழி முழுவதையும் திருப்பிப் போட்டு ஆண்டால்ஸ்னெசில் தொடங்குங்கள். எதுவானாலும் காலை ஏழு மணிக்கு முன், அல்லது இரவு எட்டு மணிக்குப் பின். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். சாலை காலியாக இருக்கும்.

ஒன்றை மனத்தில் வையுங்கள். பாறை விழும் ஆபத்தால் 2024 ஜூனில் மூடிய இந்தச் சாலையை அந்தப் பருவம் முடியும்வரை திறக்கவில்லை. மழைக்குப் பின் தற்காலிகமாகவும் மூடுவார்கள். மூடியிருந்தால் லிங்கெயிலிருந்து மேற்கே ஓலெசுண்ட் நகரத்தை நோக்கிப் போய்ப் பயணத்தை முடிக்கலாம். 1904 தீவிபத்துக்குப் பின் ஒரே பாணியில் மறுபடி எழுந்த அழகான துறைமுக நகரம் அது.

இவ்வளவு ஏற முடியாது. எளிய வழி இருக்கிறதா?

ஹார்டாங்கர் இருக்கிறது. பழத்தோட்டங்களின் நாடு அது. தெற்கு நோக்கி நீளும் சோர்ஃபியோர்டின் இரு கரைகளிலும் சாலை உண்டு. கிழக்குக் கரையில் லாரிகளும் கேரவன்களும் நெருக்கும். மேற்குக் கரையில் ஊட்னெ கிராமத்திலிருந்து ஒட்டா வரை போகும் சாலை அமைதியானது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ஆப்பிள், செர்ரி, ப்ளம் தோட்டங்கள், அவற்றுக்கு மேலே ஃபோல்கெஃபொன்னா பனிப்பாறை. சிறு ஏற்ற இறக்கங்கள் உண்டு, கணவாய் இல்லை. மே மாதத்தின் நடுவில் போனால் தோட்டங்கள் பூத்து நிற்கும். ஆகஸ்ட் முதல் சாலையோரப் பெட்டிகளில் பழம் வைத்திருப்பார்கள். ஆள் இருக்காது, பணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளூர்க்காரர்கள் கைபேசியில் செலுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு அந்த வசதி இருக்காது என்பதால் சில்லறையாகக் குரோனர் நாணயங்கள் வைத்திருங்கள்.

சற்று ஏறலாம் என்று தோன்றினால் எய்ட்ஃபியோர்டிலிருந்து மோபோ பள்ளத்தாக்கில் ஏறி வோரிங்ஸ்ஃபோசன் அருவிக்குப் போங்கள். கார்கள் சுரங்கங்களில் போகின்றன; பழைய சாலை சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விடப்பட்டிருக்கிறது. மேலே போனால் 182 மீட்டர் அருவி. 2013-இல் திறந்த ஹார்டாங்கர் பாலத்திலும் சைக்கிளுக்குத் தனித்தடம் உண்டு. காற்று பலமாக அடித்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

ரல்லார்வேகன் என்ற பாதையைப் பற்றி நிறையப் படித்தேன். சாலை சைக்கிளில் போகலாமா?

கூடாது. பேர்கன் ரயில்பாதை போடும்போது 1902 முதல் 1904 வரை அமைத்த வேலைச் சாலை அது. ஹேகஸ்டோலிலிருந்து ஃபின்செ வழியாக ஃப்ளாம் வரை 82 கி.மீ. மிக அழகானது, ஆனால் சரளையும் உருண்டைக் கல்லும் நிறைந்தது. அகல டயர் சைக்கிளை ஹேகஸ்டோலில் வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள்.

ஸ்டிரின் மலையின் பழைய சாலை வேறு வகை. க்ரோட்லியிலிருந்து வீடெசேத்தர் வரை 27 கி.மீ.; 1894-இல் திறந்தது. அதன் கிழக்குப் பாதி கெட்டித்த சரளை. 32 மி.மீ. டயர் இருந்தால், மழை இல்லாத நாளில், பொறுமையாகப் போய்விடலாம். பக்கத்தில் 1978 முதல் இருக்கும் புதிய சாலை நீண்ட சுரங்கங்கள் வழியாகப் போவதால் சைக்கிளுக்கு இதுதான் வழி. விளிம்பில் வரிசையாக நட்ட காவல் கற்களையும், சாந்து இல்லாமல் அடுக்கிய தாங்குசுவர்களையும் பாருங்கள். 1950கள் வரை ஒவ்வொரு வசந்தத்திலும் இதன் பனியை ஆட்கள் மண்வெட்டியால் வாரித் திறந்தார்கள்.

எந்த மாதம் போவது?

ஜூன் மாதத்தின் பின்பாதி என் தேர்வு. கணவாய்கள் திறந்திருக்கும், சோக்னெஃபியெல்லில் சாலையின் இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் பனிச்சுவர் நிற்கலாம், பனி உருகுவதால் அருவிகள் நிறைந்து விழும். சூரியன் காலை நான்கு மணி வாக்கில் உதித்து இரவு பதினொன்றுக்கு மறைகிறது. ஜூலையில் நார்வே நாடே விடுமுறையில் இருப்பதால் குறுகிய சாலைகளில் கேரவன்கள் நிறையும். ஆகஸ்ட் பின்பாதியில் கூட்டம் வடியும். தண்ணீரும் அதற்குள் சற்று வெதுவெதுப்பாகியிருக்கும். செப்டம்பர் நடுவுக்குப் பிறகு மழைக்காலம், மேலே புதுப்பனி. குளிர்காலத்தில் இந்தக் கணவாய்களில் பெரும்பாலானவை மூடியே இருக்கும். திறக்கும் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். நார்வேக்குள்ளிருந்து 175 என்ற எண்ணை அழைத்தால் சாலை நிலவரம் சொல்வார்கள்.

மழை அவ்வளவு மோசமா?

பேர்கனில் ஆண்டுக்கு 2,200 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. ஆனால் மலை மழையைத் தடுத்துவிடுவதால் கிழக்கே போகப் போகக் குறைகிறது. லோமுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்கியோக் நார்வேயின் மிக வறண்ட பகுதிகளில் ஒன்று. அங்கே உழவர்கள் பல நூற்றாண்டுகளாக மலையிலிருந்து வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சியிருக்கிறார்கள். அதனால் ஒரே நாளில், கணவாயின் இந்தப் பக்கம் நனைந்து அந்தப் பக்கம் வெயிலில் காய்வது நடக்கும். முன்னறிவிப்பைப் பார்க்கும்போது மலைக்கு இரண்டு பக்கத்து ஊர்களையும் பாருங்கள்.

காற்றுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. வெயில் நாட்களில் பிற்பகலில் ஃபியோர்டின் வாயிலிருந்து உள்நாடு நோக்கி வீசும். உள்நோக்கிப் போகும் பகுதியைப் பிற்பகலுக்கும், கடல் நோக்கி வரும் பகுதியைக் காலைக்கும் வைத்துக்கொண்டால் பாதி உழைப்பு மிச்சம்.

நூறு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.65 டிகிரி குறையும். ஃபியோர்டில் 18 டிகிரி என்றால் சோக்னெஃபியெல் உச்சியில் ஒன்பதுதான். வியர்வையில் நனைந்த உடையோடு இறங்கினால் விரல் மரத்து பிரேக் பிடிக்க முடியாமல் போகும். முழுக்கையுறை, காற்றுத் தடுக்கும் மேலாடை, மாற்று உள்ளாடை ஆகிய மூன்றையும் ஜூலையிலும் சுமந்து போங்கள். உச்சியில் மாற்றிக்கொண்ட பிறகே இறங்குங்கள்.

சைக்கிளில் என்ன இருக்க வேண்டும்?

டிஸ்க் பிரேக் மிகவும் நல்லது; ஈரத்தில் நீண்ட இறக்கம் இறங்கும்போது அதன் அருமை தெரியும். டயர் 28 முதல் 32 மி.மீ. உறைபனி சாலையை வெடிக்க வைப்பதால் தார் சொரசொரப்பாக இருக்கும். முன்னால் 34 பல், பின்னால் குறைந்தது 32 அல்லது 34 பல் உள்ள கியர் வையுங்கள். சரிவு பத்து சதவீதத்தைத் தாண்டுவது அரிது. ஆனால் எட்டு சதவீதம் ஒரு மணி நேரம் விடாமல் வந்தால், அதுவும் பையோடு, கடைசிப் பல் வரை வேண்டியிருக்கும். உதிரி பிரேக் கட்டைகளைக் கையோடு கொண்டுபோங்கள்; சிற்றூர்களில் சைக்கிள் கடை இல்லை.

படகில் சைக்கிளை ஏற்றுவது சிக்கலா?

இந்தப் பயணத்தில் இதைவிட எளிதான வேலை இல்லை. துறையில் கார் வரிசையைக் கடந்து முன்னால் போய் நில்லுங்கள். பணியாளர் கைகாட்டியதும் ஏறி, பக்கச் சுவரில் சாய்த்து, அங்கே தொங்கும் கயிற்றால் சட்டத்தைச் சுற்றிக் கட்டிவிட்டு மேலே போங்கள். ஏறும் இரும்புத் தளம் நனைந்திருந்தால் இறங்கித் தள்ளுங்கள். சாலையின் தொடர்ச்சியாக ஓடும் கார்ப் படகுகள் பெரும்பாலானவற்றில் சைக்கிள்காரர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. கெய்ராங்கர்–ஹெல்லெசில்ட் போன்ற சுற்றுலாத் தடங்களில் உண்டு.

மேல்தளத்தில் ‘ஸ்வேலெ’ கிடைத்தால் விடாதீர்கள். தடித்த, மெத்தென்ற இனிப்பு அப்பம். வெண்ணெயும் சர்க்கரையும் தடவி, அல்லது பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்து மடித்துத் தருவார்கள். அதைத் தின்று, சூடான காப்பி குடித்து, கையுறையை உலர்த்த அந்தக் கால் மணி நேரம் போதும். இப்போது பல படகுகள் மின்சாரத்தில் ஓடுகின்றன. உலகின் முதல் மின்சாரக் கார்ப் படகு 2015-இல் சோக்னெஃபியோர்டில்தான் ஓடத் தொடங்கியது.

சாலை விதிகளும் ஆபத்துகளும்?

சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இருட்டிலும் மங்கலிலும் விளக்கு கட்டாயம். மணியும் பிரதிபலிப்பான்களும் இருக்க வேண்டும். தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமில்லை, போடாமல் ஓட்டாதீர்கள். ஒற்றைத் தடச் சாலைகளில் நீலப் பலகையில் வெள்ளை ‘M’ எழுத்து இருந்தால் அது ஒதுங்கி வழிவிடும் இடம். பின்னால் கார்கள் சேர்ந்துவிட்டால் அங்கே ஒதுங்கி விடுங்கள். ஓட்டுநர்கள் கையசைத்து நன்றி சொல்வார்கள்.

நான் மிகவும் அஞ்சுவது கால்நடைத் தடுப்புக் கம்பிகளைத்தான். மலைமேய்ச்சல் நிலத்தின் எல்லையில், ஆடுகள் தாண்டாமல் இருக்க, சாலையின் குறுக்கே இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்திருப்பார்கள். மழையில் நனைந்தால் அவை வழுக்கும். சற்றுச் சாய்வாக ஏறினாலும் முன்சக்கரம் பக்கவாட்டில் போய்விடும். முன்பே வேகத்தைக் குறையுங்கள், கைப்பிடியை நேராக்குங்கள், கம்பியின் மேல் இருக்கும்போது பிரேக்கைத் தொடாதீர்கள், மிதிக்கவும் வேண்டாம். இறக்கத்தில் இருந்தால் இறங்கி நடந்து கடப்பதில் குறைவு ஒன்றுமில்லை.

ஆம்புலன்சுக்கு 113, போலீசுக்கு 112, தீயணைப்புக்கு 110.

எங்கே தங்குவது? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

முகாம் மைதானங்களில் ‘ஹித்தெ’ எனப்படும் மரக்குடில்கள் கிடைக்கும்: கட்டில், சிறு அடுப்பு, ஈரத் துணியை உலர்த்த ஹீட்டர். கூடாரம் வைத்திருப்பவர்களுக்கு 1957-ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய உரிமை தருகிறது. வேலியில்லாத, பயிரிடாத நிலத்தில், வீட்டிலிருந்து 150 மீட்டருக்கு அப்பால், இரண்டு இரவு வரை யாரையும் கேட்காமல் தங்கலாம். வரும்போது இருந்ததுபோலவே இடத்தை விட்டுப்போவது உங்கள் கடமை.

உணவகச் சாப்பாடு விலை அதிகம். சிற்றூர்களில் சைவம் என்றால் பெரும்பாலும் பீட்சாதான். மளிகைக் கடையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம், ஓட்ஸ் வாங்கிக் குடிலில் சமைப்பதே வழி. ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். லோமில் அருவியை ஒட்டிய அடுமனை ரொட்டியைத் தவறவிடாதீர்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். இலங்கைத் தமிழர்கள் பல பத்தாண்டுகளாக வாழும் நாடு நார்வே. ஓஸ்லோவில் தமிழ் மளிகைக் கடைகள் உண்டு. மலைக்குப் போகும் முன் அரிசியும் பருப்புப் பொடியும் ஊறுகாயும் வாங்கிவிடலாம்.

விசா, சைக்கிளைக் கொண்டுபோவது எப்படி?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்றாலும் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. ரயிலில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுத்து இடம் பதிவு செய்ய வேண்டும். கோடையில் பேர்கன் ரயிலில் அந்த இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். உங்கள் இருக்கையைப் பதியும் அதே நேரத்தில் சைக்கிளுக்கும் பதியுங்கள்.

போட்டி ஓட்டத்தில் ஆர்வம் உண்டு. பார்க்க வேண்டிய இடம்?

பேர்கன். 2017-இல் உலக சாலை சைக்கிள் போட்டிகள் அங்கே நடந்தன. தனிநபர் நேர ஓட்டம் நகருக்கு மேலே உள்ள ஃப்ளோயன் குன்றின் உச்சியில் முடிந்தது. நெதர்லாந்தின் டோம் டுமூலன் வென்றார். சாலைப் போட்டியில் ஸ்லோவாக்கியாவின் பீட்டர் சாகன் தொடர்ந்து மூன்றாவது முறையாக உலகப் பட்டம் பெற, நார்வேயின் அலெக்சாந்தர் கிறிஸ்டோஃப் மயிரிழையில் இரண்டாம் இடம் பெற்றார். ஃப்ளோயன் ஏற்றம் மூன்றரை கி.மீ.க்குள்தான், சராசரியாக ஒன்பது சதவீதத்தை ஒட்டியது. ரயிலுக்குக் காத்திருக்கும் நாளில் ஏறிப் பார்க்கலாம்.

குடும்பத்தோடு சுற்றுலா வருகிறேன். சைக்கிளுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே ஓட்டுவது?

ஃப்ளாமில் தங்கினால் பனிச்சாலை. காலை ஆறு மணிக்குள் அவுர்லாண்ட்ஸ்வாங்கனிலிருந்து புறப்பட்டால் முதல் பஸ் வருவதற்குள் ஸ்டெகஸ்டைன் மேடையைக் கடந்துவிடலாம். லேர்டாலுக்கு இறங்க வேண்டாம். இறங்கினால் அதே மலையைத் திரும்ப ஏற வேண்டும், சுரங்கம் உங்களுக்கு இல்லை. உச்சியைத் தொட்டு, உடை மாற்றி, வந்த வழியே திரும்பினால் மொத்தம் 45 கி.மீ.க்குள் முடிந்துவிடும்; பிற்பகல் சாப்பாட்டுக்குக் குடும்பத்தோடு இருக்கலாம். கீழ்ப்பகுதியில் ஏறிவரும் பஸ்கள் வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும். ஆகவே திரும்பும்போது மேடைக்குக் கீழே ஒவ்வொரு வளைவுக்கும் முன்பாக வேகத்தை நடை வேகத்துக்குக் குறையுங்கள்.